டேடோனாவில் முந்துவதற்கு விலகிய கார் ஏன் பின்னுக்குப் போகிறது?

புதுக்கண்:
இதுவரை ஃபார்முலா 1 மட்டுமே பார்த்து வந்தவன் நான். நண்பர் ஒருவரின் வற்புறுத்தலால், அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத் தொடரில் 2025 டேடோனா 500 பந்தயத்தின் பதிவை முழுதாகப் பார்த்து முடித்தேன். தலை சுற்றுகிறது.

கார்கள் இரண்டு வரிசையாக, மூக்கும் வாலும் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. மூன்றாவது இடத்தில் இருப்பவர் முந்திவிடலாம் என்று வலப்பக்கம் விலகுகிறார். ஒரு சுற்று முடிவதற்குள் பதினைந்தாவது இடத்தையும் தாண்டிப் பின்னால் போய்விடுகிறார். காரில் பழுது எதுவும் இல்லை, ஓட்டுநரும் காலை எடுக்கவில்லை. ஃபார்முலா 1 பந்தயத்தில் முன்னால் போகும் காரின் முதுகில் ஒட்டிவந்து விலகினால் முந்தலாம். இங்கே விலகியவருக்குத் தண்டனை அல்லவா கிடைக்கிறது? கடைசியில், இறுதிச் சுற்றின் தொடக்கத்தில் ஒன்பதாவது இடத்தில் இருந்த வில்லியம் பைரன் வென்றுவிட்டார். இது பந்தயமா, குலுக்கல் சீட்டா? கோபிக்காமல் விளக்குங்கள்.

காற்றுச்சுரங்கம்:
கோபம் எதற்கு? எல்லோரும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறோம்.

மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காருக்குக் காற்று ஒரு சுவர். வேகம் கூடக் கூட அந்தச் சுவரை உடைக்கத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடியாக ஏறும். வேகத்தை நான்கு சதவீதம் கூட்ட வேண்டுமானால் எஞ்சின் ஏறத்தாழ பன்னிரண்டரை சதவீதம் கூடுதல் திறன் தர வேண்டும். அது எஞ்சினிடம் இல்லை. ஆகவே ஓசியில் தேட வேண்டியிருக்கிறது. முன்னால் போகும் கார் உடைத்து வைத்த காற்றில் நுழைந்துகொள்வதுதான் டிராஃப்டிங். நான் இதைக் 'காற்று மறைவு' என்று சொல்வது வழக்கம்.

பலர் தவறவிடும் பாதி ஒன்று உண்டு. மறைவில் வருபவருக்கு மட்டும் லாபம் இல்லை, முன்னால் போகிறவருக்கும் லாபம் உண்டு. தனியாக ஓடும் காரின் வாலுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்த ஒரு பள்ளம் உருவாகி, காரைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். பின்னால் ஒரு காரின் மூக்கு வந்து அந்தப் பள்ளத்தை அடைத்தால் இழுப்பு குறையும். எனவே சேர்ந்து ஓடும் இரண்டு கார்கள், தனித்து ஓடும் எந்தக் காரையும்விட வேகமானவை. பத்துக் கார் வரிசை இன்னும் வேகமானது.

இப்போது உங்கள் மூன்றாவது இடத்துக்காரரிடம் வருவோம். அவர் விலகிய நொடியில் முழுச் சுவரும் அவர் முகத்தில் மோதுகிறது, வாலில் பள்ளமும் திறக்கிறது. வரிசையைவிட அவர் மணிக்கு 8 கிலோமீட்டர் மட்டும் மெதுவாகிறார் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 2.2 மீட்டர் இழப்பு. டேடோனாவின் 4 கிலோமீட்டர் சுற்றுக்கு ஏறத்தாழ 47 நொடி. ஒரு சுற்றில் 100 மீட்டருக்குமேல் போய்விட்டது. ஐந்து மீட்டர் நீளக் கார்கள் இடைவெளியின்றி நிற்கும் வரிசையில் அது இருபது இடம். இவ்வளவுக்கும் அவர் கால் முழுவதும் அழுத்தியபடியேதான் இருந்திருப்பார்.

தாலடேகா_மேற்கூரை:
கணக்கு அருமை. அதில் இல்லாத ஒன்றைச் சேர்க்கிறேன். அவர் விலகும்போது கூடவே பின்னால் இருந்தவரும் விலகியிருந்தால் கதையே வேறு. விலகுவதற்கு முன் ஓட்டுநர் முன்னால் பார்ப்பதைவிடக் கண்ணாடியில்தான் அதிகம் பார்ப்பார். "நான் போனால் நீ வருவாயா?" என்ற கேள்விக்கு விடை தெரியாமல் விலகுகிறவர் கூட்டத்தில் கைவிடப்பட்ட குழந்தை.

எண்43_பக்தன்:
தம்பி புதுக்கண், குலுக்கல் சீட்டு என்று சொன்னதில் எனக்கு ஓரளவு உடன்பாடுதான். ஆனால் எப்போதும் அப்படி இருந்ததில்லை. கொஞ்சம் பழைய கதை கேளுங்கள்.

டேடோனா ஓடுபாதை 1959-இல் திறக்கப்பட்டது. திருப்பங்களில் 31 பாகை சரிவு. அதற்கு முன் அவ்வளவு வேகத்தில் யாரும் கூட்டமாக ஓடியதில்லை. 1960-இல் ஜூனியர் ஜான்சனிடம் இருந்தது ஓராண்டு பழைய ஷெவ்ரலே. பான்டியாக் கார்களின் வேகத்துக்கு அது எந்த வகையிலும் ஈடில்லை. பயிற்சியின்போது காட்டன் ஓவன்ஸின் பான்டியாக் அவரைக் கடந்தது. ஜான்சன் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டார். தன் கார் திடீரென்று அதற்கு ஈடாக ஓடுவதைக் கண்டு வியந்தார். முதலில் தன் எஞ்சின்தான் சரியாகிவிட்டதோ என்றுகூட நினைத்திருக்கலாம். தனியாக ஓடிப் பார்த்தால் பழைய ஆமை. மறுபடி ஒரு பான்டியாக்கின் பின்னால் போனால் குதிரை. விஷயம் பிடிபட்டுவிட்டது. பந்தயம் முழுவதும் வேகமான கார்களின் முதுகிலேயே சவாரி செய்தார். இறுதிக் கட்டத்தில் முன்னிலையில் இருந்த பாபி ஜான்ஸின் பான்டியாக்கில் பின்கண்ணாடி பிய்த்துக்கொண்டு பறக்க, அந்தக் கார் சுழன்றது. ஜான்சன் வென்றார்.

இளவயதில் மலைப்பாதைகளில் கள்ளச்சாராயம் கடத்தி, போலீசுக்குத் தண்ணி காட்டிய மனிதர் அவர். சிறைக்கும் போய்வந்தார். காற்றியக்கவியலை அவருக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை.

காற்றுச்சுரங்கம்:
பின்கண்ணாடி பறந்ததும் காற்றின் வேலைதான். உள்ளே ஓர் அழுத்தம், வெளியே ஓர் அழுத்தம்.

எண்43_பக்தன்:
உண்மை. இனி முந்தும் கலைக்கு வருகிறேன். அக்காலத்தில் பின்னால் வருபவர் சற்று இடைவெளி விட்டு, மறைவில் வேகம் திரட்டி, அந்த வேகத்தோடு விலகினால் தனியாகவே கடந்துவிடலாம். கவணில் வைத்த கல் மாதிரி. ஸ்லிங்ஷாட் என்ற பெயரே அப்படித்தான் வந்தது. அதனால் கடைசிச் சுற்றில் முதலிடத்தில் இருப்பதே ஆபத்து என்று எல்லோரும் அறிந்திருந்தார்கள்.

1974 ஜூலை 4, ஃபயர்கிராக்கர் 400. கடைசிச் சுற்றுக்கான வெள்ளைக் கொடி. முதலிடத்தில் டேவிட் பியர்சன், பின்னால் என் தலைவர் ரிச்சர்ட் பெட்டி. திடீரென்று பியர்சனின் கார் வேகம் இழந்தது. எஞ்சின் போய்விட்டது என்று எண்ணி பெட்டி ஒதுங்கிக் கடந்தார். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை! பியர்சன் வேண்டுமென்றே காலை எடுத்திருந்தார். மறுபடி அழுத்தி, இடைவெளியை அடைத்து, கடைசித் திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது பெட்டியைக் கடந்து வென்றார். பெட்டிக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. அவ்வளவு வேகத்தில், பின்னால் ஒருவர் ஒட்டிவரும்போது காலை எடுப்பது உயிரோடு விளையாடுவது. பெட்டி பக்தனான எனக்கும் ஐம்பது ஆண்டு கழித்து அந்தத் தந்திரத்தை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

புதுக்கண்:
அப்படியானால் இப்போது ஏன் ஒருவர் தனியாகக் கவண் வீச முடியவில்லை? காற்று மாறிவிட்டதா?

காற்றுச்சுரங்கம்:
காற்று அதேதான். எஞ்சினுக்கு மூக்கணாங்கயிறு போட்டுவிட்டார்கள்.

1987-இல், டேடோனா போன்ற இன்னொரு பெரிய பாதையான தாலடேகாவில் பில் எலியட் தகுதிச் சுற்றில் மணிக்கு 212.809 மைல், அதாவது 342 கிலோமீட்டரைத் தாண்டி ஓட்டினார். அந்தச் சாதனை இன்றும் நிற்கிறது. அதே வாரப் பந்தயத்தில் பாபி அலிசனின் கார் டயர் வெடித்து எழும்பி, பார்வையாளர் பக்கத்து வேலியைக் கிழித்தது. கொஞ்சம் கூடுதலாக எழும்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே முடியாது. 1988 முதல் டேடோனாவிலும் தாலடேகாவிலும் கார்பரேட்டருக்குக் கீழே நான்கு ஓட்டை போட்ட தகடு ஒன்றைச் செருகினார்கள். எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தகடு. 2019 டேடோனா 500 வரை அது இருந்தது. இன்று வேறொரு வடிவில் அதே வேலை நடக்கிறது. மற்ற பல பாதைகளில் 670 குதிரைத்திறனோடு ஓடும் இன்றைய கார் இந்தப் பெரிய பாதைகளில் 510-ஓடு ஓடுகிறது.

விளைவு, காலை எடுக்காமலே திருப்பத்தைச் சுற்றலாம். எல்லோரும் எடுக்காததால் யாரும் பிரிந்து போவதில்லை. ஒருமுறை வேகம் இழந்தால் திரும்பத் திரட்ட எஞ்சினில் மிச்சம் எதுவும் இல்லை. கவணுக்கு ரப்பர் போதவில்லை. ஆகவே அடுத்தவர் கையைக் கடன் வாங்க வேண்டும்.

சிறுவாணி:
இடையில் ஒரு கேள்வி. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010-இல் நாஸ்காரின் டிரக் தொடரில் (கார்களுக்குப் பதில் பிக்கப் டிரக்குகள் ஓடும் தொடர்) ஓட்டினாரே, அவரும் இப்படி டிராஃப்ட் செய்தாரா?

தாலடேகா_மேற்கூரை:
அவருடைய முதல் பந்தயம் மார்ட்டின்ஸ்வில், 13-ஆவதாக முடித்தார். அது அரை மைல் அளவுள்ள சின்னப் பாதை. அங்கே காற்றுக்கு வேலை இல்லை, பிரேக்குக்கும் பம்பருக்கும்தான் வேலை. ஃபார்முலா 1 பழக்கத்தில் வந்தவருக்கு முதல் இடமே அதுவென்றால் நல்ல முரட்டுப் பள்ளிக்கூடம்.

புதுக்கண் அவர்களுக்கு 'சைடு டிராஃப்ட்' பற்றி யாரும் சொல்லவில்லை. இன்றைய முந்தலில் பாதி அதில்தான் இருக்கிறது. இரண்டு கார்கள் அக்கம்பக்கமாக ஓடுகின்றன. நீங்கள் அரைக் கார் பின்னால் இருக்கிறீர்கள். உங்கள் மூக்கை அவருடைய பின்சக்கரத்துக்கும் ஸ்பாய்லருக்கும் (வாலில் நிமிர்ந்து நிற்கும் தகடு) அருகே, தொடாமல், ஓர் அடி தூரத்தில் கொண்டு போங்கள். உங்கள் மூக்கிலிருந்து பிதுங்கும் காற்று அவருடைய ஸ்பாய்லரில் போய் மோதும். அவருக்குப் பின்னால் யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பது போல இருக்கும். நீங்கள் முன்னேறுவீர்கள். தாண்டியதும் உடனே விலகி ஓட வேண்டும், இல்லாவிட்டால் அதே மருந்தை அவர் உங்களுக்குக் கொடுப்பார். இருவரும் மாறி மாறிச் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தால் மூன்றாவது ஆள் போய்விடுவார்.

தொலைக்காட்சியில் இது தெரியாது. நேரில் தெரியும். ஒருமுறை தாலடேகாவில் முதல் திருப்பத்துக்கு அருகே உட்கார்ந்திருந்தேன். கூட்டம் கடந்து போய் ஒரு நொடி கழித்துக் காற்று வந்து முகத்தில் அறைகிறது. தூசியும் காகிதமும் ரப்பர் துணுக்குமாக. அதற்குப் பிறகுதான் காற்று ஒரு பொருள் என்று எனக்கு உறைத்தது. வாடகைக்கு எடுத்த காதொலியில் ஒரு ஓட்டுநரின் ஸ்பாட்டர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மேற்கூரையில் நின்று ஓடுபாதை முழுவதையும் பார்த்துச் சொல்பவர் அவர். மூச்சு விடாமல் பேசுகிறார்: உள்ளே ஒருவன், பின்பக்கக் கதவில், வெளிவரிசை வேகம் எடுக்கிறது, மூன்று கார் பின்னால், இரண்டு, இதோ வந்துவிட்டது. இந்த இழையில் என் பெயரின் காரணம் அதுதான்.

எண்43_பக்தன்:
நல்ல வர்ணனை. ஆனாலும் தம்பி, ஒருவர் கூரையில் நின்று வழி சொல்ல, இன்னொருவர் பின்னால் தள்ள, நடுவில் உட்கார்ந்து சக்கரத்தைப் பிடிப்பவருக்கு என்ன பெருமை? 2011-ஐ நினைத்துப் பாருங்கள். இரண்டிரண்டு கார்களாக ஒட்டிக்கொண்டு ஓடிய கூத்து! பின்னால் இருப்பவருக்கு முன்னால் எதுவும் தெரியாது. முன்னால் இருப்பவர் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளுகிறார். பந்தயமா அது? மாட்டு வண்டியில் இரண்டாம் மாடு.

தாலடேகா_மேற்கூரை:
அண்ணா, அந்த ஆண்டு டேடோனா 500-இல் முன்னிலை 74 முறை மாறியது. 20 வயது டிரெவர் பேய்ன், உங்கள் பியர்சன் ஓட்டிய அதே வுட் சகோதரர்களின் காரில் வென்றார். தாலடேகாவில் ஜிம்மி ஜான்சன் 0.002 நொடியில் வென்றார். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் அது கூத்தாகிவிடுமா? பின்னால் தள்ளும் காரின் ரேடியேட்டருக்குப் புதுக்காற்று கிடைக்காது. வெப்பம் ஏறிக்கொண்டே போகும். எந்தச் சுற்றில், எந்த இடத்தில், எவ்வளவு குறைந்த இழப்போடு இருவரும் இடம் மாறுவது என்பதில் எத்தனை நுணுக்கம்! உட்கார்ந்த இடத்திலிருந்து கிண்டல் செய்வது எளிது.

எண்43_பக்தன்:
நான் உட்காராமல் என்ன செய்வது, எனக்கு முழங்கால் வலி. நுணுக்கம் இருந்தால் நாஸ்காரே ஏன் அடுத்த ஆண்டு குளிரூட்டும் அமைப்பின் விதியை மாற்றி அதை ஒழித்தது?

நெறியாளர்:
முழங்காலுக்கு வேறு இழை இருக்கிறது. தொடருங்கள்.

காற்றுச்சுரங்கம்:
இருவரும் சொல்வதற்கு நடுவில் ஒன்று இருக்கிறது. தள்ளுவது வெறும் முரட்டு வேலை அல்ல. பின்னால் வரும் கார் நெருங்கும்போது இரண்டு பம்பருக்கும் நடுவே காற்று ஒரு தலையணை போலச் சிக்கிக்கொள்ளும். தொடும் முன்பே அது முன்காரைத் தள்ளிவிடும். இதற்காகவே முன்னால் போகும் ஓட்டுநர் பிரேக்கை மெல்லத் தொட்டபடி, பின்னால் இருப்பவரின் மூக்குக்குத் தன் வாலைக் கொண்டுபோய்க் கொடுப்பார். முதலிடத்தில் இருப்பவர் பிரேக் பிடிப்பதை முதன்முறை பார்த்தபோது நான் என் கண்ணையே நம்பவில்லை.

நேர்பாதையில், பம்பரின் நடுவில், நேராகத் தள்ளினால் அது உதவி. திருப்பத்தில், ஓரத்தில் தள்ளினால் விபத்து. மேலும், பின்னால் ஒருவர் மிக நெருங்கினாலே முன்காரின் ஸ்பாய்லரை அழுத்தும் காற்று குறைந்து, பின்சக்கரங்கள் பிடி தளரும். தொடாமலே ஒருவரைச் சுழல வைக்கலாம். 2020 டேடோனாவின் கடைசிச் சில நூறு மீட்டரில் முன்னிலையில் இருந்த ரையன் நியூமன் மறித்தார், ரையன் பிளேனி அவரை எல்லைக் கோட்டை நோக்கித் தள்ள முயன்றார். கார் சுவரில் மோதிக் கவிழ்ந்தது. நியூமன் பிழைத்தது காரின் கட்டமைப்பால். பிளேனி செய்தது உதவி. ஆனால் முடிந்தது இப்படி.

புதுக்கண்:
புரியத் தொடங்குகிறது. பெரியவர் கேட்ட கேள்வி மட்டும் நிற்கிறது. எல்லாம் அடுத்தவர் கையில் என்றால் திறமைக்கு எங்கே இடம்?

தாலடேகா_மேற்கூரை:
2016 டேடோனா 500-இன் கடைசிச் சுற்றைப் பாருங்கள். டென்னி ஹாம்லின் நான்காவது இடம். முன்னால் இருப்பவர்கள் மேட் கென்செத், மார்ட்டின் ட்ரூக்ஸ் உட்பட எல்லோரும் டொயோட்டாக் கூட்டாளிகள். நாள் முழுவதும் வரிசை குலையாமல் ஓடிவந்தார்கள். அப்போது வெளிவரிசையில் கெவின் ஹார்விக் வேகம் திரட்டி வருகிறார். ஹாம்லின் அவருக்கு முன்னால் போய் நின்று அந்தத் தள்ளலைத் தனக்கு வாங்கிக்கொண்டார். எதிரணிக்காரரின் வேகம்! கென்செத் மறிக்க மேலேறினார், ஹாம்லின் உள்ளே வெட்டினார், கென்செத் நிலைகுலைந்தார். பிறகு ட்ரூக்ஸோடு தோளுக்குத் தோள். வித்தியாசம் 0.010 நொடி, அந்தப் பந்தய வரலாற்றிலேயே மிகக் குறைந்தது. ஒரு நொடி முந்தி விலகியிருந்தால் தனியாக நின்றிருப்பார். ஒரு நொடி பிந்தியிருந்தால் ஹார்விக் கடந்திருப்பார். சீட்டு குலுக்கியா அந்த நொடியைத் தேர்ந்தெடுத்தார்? அவர் அந்தப் பந்தயத்தை மூன்று முறை வென்றவர். பிராட் கெசலோவ்ஸ்கி தாலடேகாவில் ஆறு முறை வென்றவர். குலுக்கலில் ஒரே கைக்கு ஆறு முறை விழுமா?

ஆனால் இன்றைய பந்தயம் குறித்து எனக்கும் மனக்குறை உண்டு. 2022-இல் வந்த புதிய காரில் முன்னிரண்டு வரிசையைக் கடப்பது மிகக் கடினம். அதனால் பெட்ரோலை மிச்சம் பிடித்து, பெட்ரோல் நிரப்பப் பிட்டில் நிற்கும் நேரத்தைக் குறைத்து அங்கேயே முந்திவிடுகிறார்கள். பந்தயத்தின் நடுப்பகுதியில் நாற்பது பேரும் அரைக்காலில் ஓட்டுவதைப் பார்க்க எரிச்சலாக இருக்கிறது.

எண்43_பக்தன்:
அப்பாடா, ஒன்றிலாவது ஒத்துப்போனோம். சரி, நானும் ஒன்று விட்டுக்கொடுக்கிறேன். தகடு வந்த பிறகு நடந்ததிலும் நான் எழுந்து நின்று பார்த்த பந்தயம் ஒன்று உண்டு. 2000 அக்டோபர், தாலடேகா. ஐந்து சுற்று இருக்கும்போது டேல் எர்ன்ஹார்ட் 18-ஆவது இடம். தொலைக்காட்சிக்காரர்கள் அவரை மறந்தேவிட்டார்கள். காற்றைக் கண்ணால் பார்க்கிற மனிதர் என்று சக ஓட்டுநர்களே சொல்வார்கள். நடுவில் நுழைந்து, வெளியே போய், மறுபடி நடுவில் வந்து, வெள்ளைக் கொடிக்கு முன்பே முதலிடத்தை எட்டிவிட்டார். அவருடைய 76-ஆவது வெற்றி. அதற்குப் பிறகு இன்னொன்று இல்லை. நான்கு மாதத்தில், 2001 டேடோனாவின் கடைசித் திருப்பத்தில் இறந்துபோனார்.

புதுக்கண்:
அந்த ஐந்து சுற்றையும் நான்கு முறை பார்த்துவிட்டேன். இப்போது எனக்கு எர்ன்ஹார்ட்டைவிட அவர் பின்னால் ஒட்டிவரும் கார்தான் கண்ணில் படுகிறது. கென்னி வாலஸ் என்கிறார்கள். மேலே ஏறும் வழியெல்லாம் அவர்தான் தள்ளுகிறார். முடிவில் இரண்டாமிடம். இந்தத் தொடரில் அவர் ஒருமுறைகூட வென்றதில்லை என்று படித்தேன். பியர்சனைப் போல அவர் ஏன் கடைசியில் விலகவில்லை?

தாலடேகா_மேற்கூரை:
வாலஸுக்குப் பின்னால் யார் என்று பாருங்கள். ஜோ நெமெச்செக். வாலஸின் சொந்த அணிக்காரர். இருவரின் முதலாளி ஆண்டி பெட்ரி, 1993, 1994 ஆண்டுகளில் எர்ன்ஹார்ட் பட்டம் வென்றபோது அவருடைய தலைமை மெக்கானிக். மூன்றுமே ஷெவ்ரலே கார்கள். இப்போது சொல்லுங்கள், வாலஸ் விலகினால் நெமெச்செக் யாரோடு போயிருப்பார்?

எண்43_பக்தன்:
எர்ன்ஹார்ட்டோடுதான். இரண்டாமிடம் காலியாகிறதே. அணியாவது, கூட்டாளியாவது.

காற்றுச்சுரங்கம்:
எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. நெமெச்செக்கும் வெளியே வந்திருந்தால், அந்த இரண்டு கார்களுக்குத் தனியாக ஓடும் ஒரு கார் ஈடுகொடுக்க முடியாது, அது எர்ன்ஹார்ட்டாகவே இருந்தாலும்.

புதுக்கண்:
ஐந்தாம் முறை பார்க்கப்போகிறேன். இந்த முறை நெமெச்செக்கின் மூக்கை மட்டும்.